ஈடாக வைக்கப்பட்ட சம்பளம்: ஹைதராபாத்தில் வீட்டுக் கடனும் வைப்பு நிதியும்

1823ஆம் ஆண்டில் ஹைதராபாத் நிஜாமின் அரசு, தனக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த நிரந்தர வருமானம் ஒன்றை விற்றுக் கடனை அடைத்தது. வட சர்க்கார் எனப்பட்ட கடலோர மாவட்டங்களைப் பெற்றுக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்காக நிஜாமுக்கு ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் பேஷ்கஷ் செலுத்தக் கடமைப்பட்டிருந்தது. அந்த உரிமையை நிஜாமின் அரசு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு 1,16,66,666 ரூபாய் ஒரே தொகையாகக் கிடைத்தது. இந்த விசித்திரமான எண் எப்படி வந்தது என்பது எளிதில் விளங்கும். 7 லட்சம் ரூபாய் 6 விழுக்காடு வட்டியாகக் கிடைக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று கணக்கிட்டால் இத்தொகையே வரும். வேறு வகையில் சொன்னால், முடிவில்லாத ஓர் ஓய்வூதியம் ஏறத்தாழ 17 ஆண்டு வருமானத்துக்கு விலைபோனது.

அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் வில்லியம் பாமர் கம்பெனி. ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவருக்கும் முகலாயக் குடும்பப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்த வில்லியம் பாமர், ஹைதராபாத்தில் தொடங்கிய லேவாதேவி நிறுவனம் அது. திவான் பொறுப்பை நடைமுறையில் வகித்த சந்துலாலின் நிர்வாகம், படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அந்நிறுவனத்திடம் மீண்டும் மீண்டும் கடன் வாங்கியது. வட்டி ஆண்டுக்கு 24 விழுக்காட்டை எட்டியது. ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. 1820இல் ரெசிடெண்டாக வந்த சார்லஸ் மெட்காஃப், கம்பெனியே 6 விழுக்காட்டுக்குக் கடன் கொடுத்து நிஜாமை மீட்கலாம் என்று வாதிட்டார். பாமர் நிறுவனத்தின் பங்காளி ஒருவர் தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸின் வளர்ப்பு மகளை மணந்திருந்ததால் இந்த வாதம் கல்கத்தாவில் எளிதாக எடுபடவில்லை. இறுதியில் நிறுவனம் 1824இல் வீழ்ந்தது. அதற்குள் பேஷ்கஷ் கைவிட்டுப் போயிருந்தது, திரும்ப வரவுமில்லை.

இந்தப் பழைய கணக்கை இங்கு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. கடன் வாங்கிச் சொத்து சேர்ப்பதா, ஓய்வுக்காலத்துக்கென நிதி சேர்ப்பதா என்ற கேள்வி இன்று ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியில், கச்சிபௌலியிலும் கொண்டாப்பூரிலும் அலுவலக உணவக மேசைகளில் நாள்தோறும் விவாதிக்கப்படுகிறது. 40 வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விருப்பம் அதன் பின்னணியில் இருக்கிறது. எது கூடுதல் வருவாய் தரும் என்ற ஒற்றை அளவுகோலால் இரண்டும் அளக்கப்படுகின்றன. ஆனால் இந்நகரின் வரலாறு வேறொரு கேள்வியை முன்வைக்கிறது: கடனுக்கு உண்மையில் ஈடாக நிற்பது எது?

ஃபலக்னுமா அரண்மனை இதற்கு ஒரு விடை தருகிறது. பைகா குடும்பத்தைச் சேர்ந்த நவாப் விகார்-உல்-உம்ரா 1884இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடித்து அலங்கரிக்க ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. செலவு 40 லட்சம் ரூபாய் என்று நகரத்தில் சொல்லப்படுகிறது. 101 பேர் ஒருசேர அமரும் விருந்து மேசை அங்கே இன்றும் உள்ளது. அவர் சாதாரண மனிதர் அல்லர். நிஜாமின் சகோதரியை மணந்தவர், பிற்காலத்தில் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் இருந்தவர். ஆயினும் கடன் மிஞ்சியது. 1890களின் இறுதியில் அரண்மனை ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் வசம் சென்றது. காணிக்கையாகக் கொடுத்தார் என்பர் சிலர். நிஜாம் உரிய தொகை கொடுத்துப் பெற்றுக்கொண்டார் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், அரண்மனை ஒரு காசுகூட வருமானம் ஈட்டவில்லை. கடனைத் தாங்கியது நவாபின் ஜாகிர் வருமானமும் அரசவையில் அவருக்கிருந்த இடமும்தான்.

தமிழில் இதைச் சொல்ல நல்ல சொற்கள் உண்டு. ஒத்தி வேறு, அடமானம் வேறு. நிலத்தை ஒத்திக்கு விட்டால் கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார்; விளைச்சலே வட்டிக்குப் பதிலாகிவிடும். கடன்பட்டவருக்கு நிலம் தற்காலிகமாக இல்லை, ஆனால் மாதந்தோறும் வட்டி தேட வேண்டிய சுமையும் இல்லை. அடமானத்தில் நிலம் கடன்பட்டவரிடமே இருக்கும். வட்டியை அவர் வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஒத்தியில் சொத்து தன் கடனைத் தானே சுமக்கிறது. அடமானத்தில் சொத்தின் கடனை மனிதர் சுமக்கிறார். (மார்ட்கேஜ் என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் ‘இறந்த பிணை’ என்று பொருள். பென்ஷன் என்பதோ ‘எடைபோடுதல்’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது.) இன்றைய வீட்டுக் கடன் முழுக்க முழுக்க இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மற்றொரு தட்டில் இருப்பது வருங்கால வைப்பு நிதி. 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 1952இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த இத்திட்டம், முதலில் சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. முதல் ஆண்டு வட்டி 3 விழுக்காடு. பிறகு படிப்படியாக உயர்ந்து 1989–90 முதல் பத்தாண்டுக் காலத்துக்கும் மேலாக 12 விழுக்காட்டில் நின்றது. அக்காலத்தில் வீட்டுக் கடன் வட்டி அதைவிடவும் அதிகம். எச்.டி.எஃப்.சி. 1977இல் தொடங்கப்பட்டிருந்தபோதிலும், நடுத்தர வர்க்கக் குடும்பம் கடன் வாங்கி வீடு கட்டுவது பணிக்காலத்தின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஒரே ஒருமுறை நிகழ்வதாகவே இருந்தது. அந்தத் தலைமுறைக்குத் தெரிவு என்ற ஒன்றே எழவில்லை.

அது எழுந்தது 2000களின் தொடக்கத்தில். 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸைத் திறந்துவைத்தார். 2001 வரவு செலவுத் திட்டம் வீட்டுக் கடன் வட்டிக்கான வருமான வரி விலக்கை ஒன்றரை லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வங்கிகளின் வட்டி வேகமாகச் சரிந்தது. 2003–04இல் வருங்கால வைப்பு நிதி 9.5 விழுக்காடு கொடுத்தது. மாறும் வட்டியிலான வீட்டுக் கடனோ 7.5 விழுக்காட்டை ஒட்டிக் கிடைத்தது. சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியை விடக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி குறைவு என்ற இந்தத் தலைகீழ் நிலை இந்தியப் பொருளாதார வரலாற்றில் அரிது. கடன் வாங்காதவர் ஏமாளி என்ற எண்ணம் அன்று பரவியதில் வியப்பில்லை.

கணக்கும் கவர்ச்சியானது. 25 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கையிலிருந்து 5 லட்சமும் கடனாக 20 லட்சமும் போட்டால், விலை 20 விழுக்காடு ஏறியதும் கைப்பணம் இரட்டிப்பாகிவிடும். விலை 20 விழுக்காடு இறங்கினால் கைப்பணம் முழுதும் மறைந்துவிடும் என்ற மறுபக்கத்தைச் சொல்ல எந்த விற்பனைப் பிரதிநிதியும் மெனக்கெடவில்லை.

ஒப்பீடு நேர்மையானதாகவும் இருக்கவில்லை. 2001 முதல் 2014 வரை வைப்பு நிதிக்கான சட்டபூர்வ ஊதிய உச்சவரம்பு மாதம் 6,500 ரூபாய். அதில் 12 விழுக்காடு 780 ரூபாய். அதற்கு மேற்பட்ட ஊதியத்துக்குப் பிடித்தம் செய்வதும் செய்யாததும் நிறுவனத்தின் விருப்பம். 20 லட்சம் கடனுக்கு 20 ஆண்டு மாதத் தவணையோ, 7.5 விழுக்காட்டில், 16,112 ரூபாய். தராசின் ஒரு தட்டில் 780, மறு தட்டில் 16,112. ஹைதராபாத்தின் மென்பொருள் தலைமுறை நிதியையும் சொத்தையும் எடைபோட்டுச் சொத்தைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதைவிட, நிதி தராசில் ஏறவே இல்லை என்று சொல்வதே பொருந்தும்.

பிறகு வட்டி ஏறியது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2004இல் 6 விழுக்காடாக இருந்தது. 2008 ஜூலை இறுதியில் 9 ஆயிற்று. வீட்டுக் கடன் வட்டி 11 விழுக்காட்டைத் தாண்டியது. மேற்சொன்ன கடனை 2004இல் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் நான்கு ஆண்டுகள் கட்டியவரின் நிலையைப் பார்க்கலாம். மீதமிருக்கும் அசல் ஏறத்தாழ 18 லட்சம். வட்டி 11.5 விழுக்காடாகிவிட்டால் அதற்கான மாத வட்டி மட்டும் 17,000 ரூபாய்க்கு மேல். பழைய தவணையான 16,112 வட்டிக்கே போதாது. கால அளவை எவ்வளவு நீட்டினாலும் அந்தக் கடன் தீராது. தவணையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தவணையைக் கூட்டுவது வீடன்று, சம்பளம். சம்பளம் இருக்கும் வரை இது ஒரு தொல்லை மட்டுமே.

2009 ஜனவரி 7 அன்று அந்த ‘இருக்கும் வரை’ சோதனைக்கு உள்ளானது. சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் பி. ராமலிங்க ராஜு, கணக்குகளில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மய்தாஸ் ப்ராப்பர்டீஸ், மய்தாஸ் இன்ஃப்ரா ஆகிய இரண்டையும் 160 கோடி டாலருக்குச் சத்யம் வாங்கும் என்று அறிவிக்கப்பட்டு, முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டிருந்தது. இல்லாத ரொக்கத்தை இருக்கும் நிலத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது. (மய்தாஸ் என்பது சத்யத்தைப் பின்னிருந்து எழுதியது. இந்தத் தந்திரம் ஆங்கில எழுத்தில்தான் நடக்கும். தெலுங்கிலும் தமிழிலும் உயிர்மெய் எழுத்துகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.)

இந்த மோசடியைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கணக்குப் பொய்யைப் பற்றியவை. அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் கொண்டது அதன் கடன் அமைப்பு. நிறுவனரின் பங்குகள் அடகு வைக்கப்பட்டுக் கடன் பெறப்பட்டிருந்தது. பங்கின் விலை சரிந்ததும் கடன் கொடுத்தவர்கள் அவற்றைச் சந்தையில் விற்றனர். விற்க விற்க விலை மேலும் சரிந்தது. நவாபுக்கு அரசவை மதிப்பு எதுவோ, ராஜுவுக்குப் பங்கு விலை அதுவே.

கீழே ஏறத்தாழ 53,000 ஊழியர்கள் இருந்தனர். அவர்களில் பலரின் கடனுக்குப் பின்னால் நின்றதும் அதே நிறுவனம்தான், சம்பளச் சீட்டின் உருவில். மத்திய அரசு இயக்குநர் குழுவைக் கலைத்து நியமித்த புதிய குழுவில் எச்.டி.எஃப்.சி. தலைவர் தீபக் பரேக் இடம்பெற்றார் என்பது தற்செயலே ஆயினும் கவனிக்கத்தக்கது. நாட்டின் முதன்மையான வீட்டுக் கடன் நிறுவனத்தின் தலைவர், சம்பளம் தடைபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் அமர்ந்தார். ஏப்ரலில் டெக் மஹிந்திரா குழுமம் சத்யத்தை வாங்கியது. ஆண்டின் நடுவில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை ஒதுக்கப்படாத ஒரு தனிப் பட்டியலில் வைக்கப்பட்டனர். அடிப்படை ஊதியமும் வைப்பு நிதிப் பங்களிப்பும் மருத்துவக் காப்பீடும் மட்டும் தொடரும் என்பது ஏற்பாடு. முழுச் சம்பளத்தை நம்பித் தவணை கட்டியவருக்கு அடிப்படை ஊதியம் போதுமானதன்று. அவர் அதுவரை பொருட்படுத்தாத வைப்பு நிதிக் கணக்கில் மட்டும் தொகை வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று தாக்குப்பிடித்தவர்களுக்குச் சொத்து பின்னாளில் நல்ல பலன் கொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. கோகாபேட்டையில் 2006இல் நகர வளர்ச்சி ஆணையம் நடத்திய ஏலத்தில் ஓர் ஏக்கர் 14 கோடி ரூபாய் வரை போனது. நில உரிமை வழக்குகளாலும் 2008 நெருக்கடியாலும் ஏலம் எடுத்தவர்களே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதே கோகாபேட்டையில் 2023 ஆகஸ்டில் ஓர் ஏக்கர் 100.75 கோடி ரூபாய்க்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தது. தெலங்கானா போராட்டமும் மாநிலப் பிரிவினையும் முடிந்து நிச்சயமின்மை நீங்கியது. விலையை உருவாக்கியவை சாலையும் ஏலமும் அரசாணையும். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் 84 கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்திய 1996ஆம் ஆண்டின் அரசாணை 111, இருக்குமா போகுமா என்ற வதந்தி ஒன்றே கால் நூற்றாண்டாக அப்பகுதியின் நில விலையை ஆட்டிவைத்தது. 2024 ஜூலையில் உருவான ஹைட்ரா அமைப்பு ஏரி எல்லைக்குள் இருந்த கட்டடங்களை இடிக்கத் தொடங்கியபோது மற்றொன்றும் தெளிவானது: வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பது நிலத்தின் தூய்மைக்குச் சான்றன்று. கட்டடம் போனாலும் கடன் போவதில்லை.

நிதியின் பக்கம் மட்டும் எல்லாம் செம்மையாக இருந்தது என்றும் கொள்ள முடியாது. 2019 அக்டோபர் 5 அன்று தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் ஏறத்தாழ 48,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 52 நாள் நீடித்த அப்போராட்டத்தின்போது, சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட தொகைகள் வைப்பு நிதி அறக்கட்டளைக்கும் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் முறையாகப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி வெளியில் வந்தது; கூட்டுறவுச் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. கடன் வாங்காமல், நிலம் வாங்காமல், சொன்னபடி சேமித்த ஓட்டுநரும் நடத்துநரும் தம் பணத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஓய்வூதியமோ அதனினும் மெலிந்தது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின் சூத்திரப்படி, 15,000 ரூபாய் உச்சவரம்பில் 35 ஆண்டுகள் உழைத்தவருக்கு மாதம் 7,500 ரூபாய். 2014இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். நில விலையைப் போலவே நிதியின் வட்டியும் அரசு சொல்லும் எண்ணே: 2021–22இல் 8.10, பின்னர் 8.25.

இந்தப் பின்னணியில்தான் இளமையில் ஓய்வு என்ற கனவைப் பார்க்க வேண்டும். ஜோ டொமிங்கஸும் விக்கி ராபினும் 1992இல் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் அதற்கு ஒரு வாழ்க்கைமுறையின் வடிவம் கொடுத்தது. 1994இல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், சேமிப்பிலிருந்து முதல் ஆண்டில் 4 விழுக்காடு எடுத்து, பின் விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டால் 30 ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று கணக்கிட்டார். ஆண்டுச் செலவின் 25 மடங்கு வேண்டும் என்ற வழக்கு அதிலிருந்து பிறந்தது. நிஜாமின் பேஷ்கஷுக்குக் கிடைத்ததோ 17 மடங்குக்கும் குறைவு. கடன் கழுத்தில் இருப்பவர் விற்கும் விலை எப்போதும் அப்படித்தான். பெங்கனின் 30 ஆண்டு, 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு உரியது. அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரச் சந்தைகளின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. 40 வயதில் வேலையை விடும் ஹைதராபாத் பொறியாளருக்கு முன்னால் இருப்பது 50 ஆண்டு. அவருடைய வைப்பு நிதியின் ஓய்வூதியப் பகுதி 58 வயதை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் தொடக்க விதிகளோ, 60க்கு முன் வெளியேறினால் 80 விழுக்காட்டைக் கொண்டு ஆண்டுத்தொகை வாங்கச் சொல்லின. நிதிகள் சீக்கிரம் ஓய்வு பெறுபவரை மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டவை அல்ல.

ஆதலால் அவர் சொத்தை நோக்கித் திரும்புகிறார். அங்கே ஒத்திக்கும் அடமானத்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்காகக் காத்திருக்கிறது. இந்திய நகரங்களில் வீட்டு வாடகை, சொத்தின் விலையில் ஆண்டுக்குப் பொதுவாக 3 விழுக்காட்டை ஒட்டியே கிடைக்கும். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3 லட்சம். அதே வீட்டின் மீதுள்ள 80 லட்சம் கடனுக்கு 8.5 விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம். இடைவெளியை நிரப்புவது சம்பளம். அத்தகைய வீடுகள் மூன்று வைத்திருப்பவர் மூன்று இடைவெளிகளையும் அதே சம்பளத்தால் நிரப்புகிறார். வேலையை விடும் நாளில் அவர் தம் கடனின் உண்மையான ஈட்டைத் தாமே மீட்டெடுத்துக்கொள்கிறார். அன்று வங்கி அவரிடம் கேட்காவிட்டாலும் மறுமாதத் தவணை கேட்கும். கடனை முழுதும் தீர்த்த பிறகே அவர் விடுதலை பெற முடியும் என்றால், அவர் சேர்த்தது கடனால் பெருகிய செல்வம் என்பதை விட, தவணை என்ற பெயரில் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு சேமிப்பு என்பதே சரி. அந்த வகையில் அதுவும் ஒரு வைப்பு நிதிதான். வட்டி வரும் திசை மட்டும் மாறியிருக்கிறது. விலை ஏறும் என்பதும், ஏறிய விலைக்கு வேண்டிய நாளில் வாங்க ஆள் கிடைப்பார் என்பதும் தனியான இரண்டு நம்பிக்கைகள்.

நடைமுறையில் இவ்விரு தட்டுகளும் தனித்தனியே நிற்பதுமில்லை. வைப்பு நிதித் திட்டத்தின் 68-பி பத்தி, ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்தவர் வீடு வாங்கவோ கட்டவோ நிதியிலிருந்து முன்பணம் எடுக்க இடமளித்தது. 2017இல் சேர்க்கப்பட்ட 68-பிடி, வீட்டு வசதிச் சங்கங்களின் வழியே வாங்குவோர் 90 விழுக்காடு வரை எடுக்கவும், மாதத் தவணையை நிதியிலிருந்தே கட்டவும் அனுமதித்தது. கைப்பணம் இல்லாத இளைஞர் படிவம் 31ஐ நிரப்பி நிதியைக் காலி செய்து முன்பணம் கட்டுகிறார். மீதியை வங்கி கொடுக்கிறது. முதிர்ந்த வயதுக்கென ஒதுக்கிய தொகை அப்படியே கடனின் அடித்தளமாகிவிடுகிறது. 2025 அக்டோபரில் கூடிய மத்திய அறங்காவலர் குழு, இத்தகைய 13 பிரிவுகளையும் ஒன்றாக இணைத்து, பங்களிப்பில் 25 விழுக்காடு எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது.